நோட்டில் இல்லாத முப்பது நாட்கள்

கல்மெ தீவு,
2022 செப்டம்பர் 8, வியாழன்.

தம்பி கி-சொப்புக்கு அக்கா ஒக்-பூன் எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஒரு வரியைப் படித்துக்கொள். அப்பா கடலில் இல்லை. காய்ந்த மண்ணில், எலும்பு ஒன்று குறையாமல், பத்திரமாக இருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படி. பிறகு உட்கார்ந்து மற்றதைப் படிக்கலாம்.

நேற்று நீ போன் செய்தபோதே சொல்லியிருப்பேன். நீ விட்டால்தானே. "பக்கத்துலயே இருந்தியே அக்கா! அப்பாவ கடலுக்குக் குடுத்துட்டு எப்படி வாயத் திறந்து ஹலோங்குற?" என்று கத்தினாய், அழுதாய், வைத்துவிட்டாய். ஆறு முறை திரும்ப அடித்தேன். ஆறாவது முறை உன் மகள் யூன்-சொல் எடுத்து, "அத்தை, அப்பா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாரு. அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். அவளிடமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் இது பிள்ளைகள் வாய்வழியாக உனக்கு வரவேண்டிய செய்தி இல்லை. "என் கடிதம் வர்ற வரைக்கும் உங்கப்பாவ அழவேண்டாம்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பக்கம் பக்கமாகப் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். அசல் தபாலில் சாவோ பாவ்லோவுக்கு வந்து சேரும். கடிதத்தில் ஒரு வசதி, என் பேச்சை நீ நடுவில் வெட்ட முடியாது.

நீ பார்த்த வீடியோ பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை காலை புயல் கடந்தபோது தெற்கு முனைச் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. பைன் மரங்கள், கயிறு கட்டிய நடைபாதை, நீ ஒவ்வொரு முறை வரும்போதும் புல் வெட்டி அழகு பார்த்த அந்தக் கல்லறை மேடு, எல்லாம் போயிற்று. நான் அப்போது நகரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து வாடகை அறையில் இருந்தேன். நேற்று முதல் படகில் வந்து, நேராக அங்கேதான் போனேன். மேடு இருந்த இடத்தில் வெறும் காற்றுதான் நிற்கிறது. ஆனால் அந்த மேட்டுக்குள் அப்பா இல்லை. பத்து வருடமாகவே இல்லை. நான்தான் எடுத்தேன்.

ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். கேட்டபோது நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. உனக்கு மறந்திருக்கும். சொன்னவர்களுக்கு மறந்துவிடும், கேட்டவர்களுக்குத்தான் தங்கும். அப்பாவை எடுத்ததற்கு முந்தின வருடம், புத்தாண்டு அன்று போனில் சொன்னேன். மேட்டுக்கும் சரிவின் விளிம்புக்கும் நடுவில் மூங்கில் குச்சி நட்டு ஐந்து வருடமாக அளக்கிறேன், வருடத்துக்கு இரண்டு சாண் மண் போகிறது, அப்பாவை மேலே எங்காவது மாற்றிவிடலாம் என்றேன். நீ சிரித்தாய். "உப்பளத்துல படிச்ச விஞ்ஞானமாக்கும்! குச்சிய நட்டுக் கடலை அளக்கிறாளாம்" என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கட்டிக்குடுத்துப் போனவ நீ. கல்லறைங்கிறது மூத்த மகன் விஷயம். நீ அதுல தலையிடாத" என்றாய்.

மூத்த மகன்! உனக்கு இரண்டு வயது மூத்தவள் நான். வீட்டில் ஒரு பிள்ளைதான் நகரத்துப் பள்ளிக்குப் போக முடியும் என்று ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தி உப்புப் பாத்தியில் இறக்கியபோது, நான் மூத்தவள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. போகட்டும். இதை உனக்கு ஐம்பது முறை சொல்லியிருக்கிறேன், ஐம்பத்தோராவது முறையும் சொல்வேன்.

என் நோட்டுகளும் அந்த உப்புப் பாத்தியில் பிறந்தவைதான். மழை வருமுன் உப்பு நீரை மூடிய குழிக்குள் இறக்காவிட்டால் பத்து நாள் வெயில் வீண். எந்த மேகம் பெய்யும், எது ஏமாற்றும் என்று சொல்லித்தர ஆளில்லை. ஆகவே தினமும் காற்று, மேகம், மழை, கடலின் நிறம் எல்லாவற்றையும் எழுதி வைத்து நானே கற்றுக்கொண்டேன். தேதி போட்டது சந்திர மாதத்தில். கடல் ஏற்றம் நிலவைப் பார்த்துத்தானே வருகிறது, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தா வருகிறது?

பத்து வருடம் முன்னால் மூன்றாம் மாதம் இரண்டு முறை வந்தது, இரண்டாவது அதிக மாதம். அதிக மாதத்தில் பிணத்தைத் தலைகீழாக நிறுத்தினாலும் குற்றமில்லை என்று நம் ஊரில் சொல்வது உனக்கும் தெரியும். தெய்வங்கள் கணக்கில் வைக்காத மாதம். உன் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் நானும் என் கொழுந்தன் பியொங்-சூவும் பக்கத்துத் தீவிலிருந்து வந்த ஒருவருமாகத் திறந்தோம். எலும்புகளைப் பலகையில் தலை முதல் கால் வரை வரிசையாக அடுக்கி, சணல் துணியில் சுற்றி, பியொங்-சூ முதுகில் கட்டிக்கொண்டார். போகிற வழியெல்லாம், "மாமா, இங்க வளைவு, பிடிச்சுக்குங்க. மாமா, இங்க படிக்கட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் போனேன்.

எங்கே வைத்தேன் என்பதை இப்போது சொல்கிறேன், கோபப்படு. பழைய பள்ளிக்கூடத்துக்கு மேலே, என் மாமனார் வீட்டுக் குன்றில். நம் தாக் குடும்பத்துப் பெரியவரை அவர்களுடைய மா குடும்பத்து மண்ணில் வைத்திருக்கிறேன். தீவில் கடலுக்கு எட்டாத உயரம் வேறெங்கே இருக்கிறது? என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் கேட்கக் கூசியது. அவரோ, "மாமாவுக்கு இடமில்லேன்னா எனக்கு எதுக்குடி அவ்ளோ பெரிய குன்று?" என்றார். இப்போது அவரும் அப்பாவிலிருந்து பத்தடி தள்ளித்தான் இருக்கிறார்.

பழைய மேட்டை முன்போலவே மூடிப் புல் பதித்துவிட்டோம். அந்த இலையுதிர் காலத்தில் நீ வருவதாக இருந்தாய்.

அதற்குப் பிறகு மூன்று முறை வந்தாய். மூன்று முறையும் வெறும் மண்ணுக்கு நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாய். நான் பின்னால் நின்றேன். நீ அரிசிக் கள்ளை ஊற்றிவிட்டு, "பாரு அக்கா, அப்பாவுக்கு இன்னிக்கு நல்ல தாகம், ஊத்துன உடனே உறிஞ்சிட்டாரு" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியாது. நீ சாப்பிட்டுத் தூங்கியதும் மிச்சக் கள்ளை எடுத்துக்கொண்டு குன்றேறி, உன் பெயரைச் சொல்லி அவருக்கு ஊற்றினேன். மூன்று முறையும். உன் கும்பிடு ஒன்றுகூட வழியில் தொலையவில்லை.

நீ வரும்போதெல்லாம் என் நோட்டுகளைப் புரட்டி, "இன்னிக்கு மேகம் கொழுத்த பன்னிக்குட்டி மாதிரி இருந்துச்சாம்!" என்று உரக்கப் படித்துக் கேலி செய்வாயே, அதற்குப் பயந்து அந்த அதிக மாதத்துப் பக்கங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். துணிப் பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்துக்குக் கீழே வைத்தேன். நோட்டில் மூன்றாம் மாதம் முடிந்ததும் நான்காம் மாதம். நடுவில் முப்பது நாட்கள் இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நீ அதை வயதான காலத்துப் பொழுதுபோக்கு என்று யூன்-சொலிடம் சொன்னாயாம். பொழுது போக்க எனக்கு உப்பளம் போதும். உன் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் போனேன். அறுபத்தைந்தில் தனித்தேர்வு எழுதத் தொடங்கி, எழுபதில் புவியியலும் வானிலையியலும் சேர்ந்த துறையில் உட்கார்ந்தேன். வகுப்பில் பிள்ளைகள் என்னைப் பெரியக்கா என்கிறார்கள். வானிலை வரைபடத்தில் காற்றழுத்தம் சமமாக உள்ள இடங்களைக் கோட்டால் இணைக்க வேண்டும். என் கை நடுங்கும், ஆனால் என் கோடுகள் ஒன்றையொன்று வெட்டியதில்லை. அந்தப் பிள்ளைகளின் கோடுகள் நூடுல்ஸ் போல ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். கணக்கு மட்டும் என்னைப் படாதபாடு படுத்துகிறது. அதை உனக்கு ஏன் சொல்கிறேன், நீ சிரிப்பாய்.

இந்த வருடம் வசந்தப் பருவத்தில் பேராசிரியர் யோம் எல்லோரிடமும் ஓர் ஆய்வு கேட்டாள். அவளுக்கு நாற்பது வயதுகூட இல்லை. என் வகுப்பிலேயே பிடிவாதக்காரி நான்தான் என்று நினைத்திருந்தேன், அவளைப் பார்க்கும்வரை. நான் என் நோட்டுகளில் முப்பது வருடத்தை எடுத்துக்கொண்டேன். தெற்குக் காற்று பலமாக அடித்த நாட்களும் தெற்கு முனையில் மண் போனதும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதுதான் விஷயம். சந்திரத் தேதிகளையெல்லாம் சூரியத் தேதிகளாக மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்காரும் சே-ரின், "பெரியக்கா, போன்லயே ஒரு தட்டு தட்டுனா மாத்திக் குடுத்துடும்" என்றாள். நான் ஒப்பவில்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் புத்தாண்டு நாளிலிருந்து தொடங்கி, மாதம் மாதமாகப் பென்சிலால் எண்ணிக்கொண்டு போனேன். என் நோட்டில் இருப்பதை எண்ண எனக்குப் போன் எதற்கு?

ஜூன் மாதம் யோம் என்னை அழைத்தாள். "அம்மா, இருபத்தொன்பது வருஷம் உங்க நோட்டும் ஆய்வு மையத்துக் கருவியும் கைகோத்துக்கிட்டுப் போகுது. ஆச்சரியமா இருக்கு. ஆனா இந்த ஒரு வருஷத்துல மட்டும் ஒன்பது மாசம் எதுவுமே பொருந்தல. கருவியில மழையே இல்லாத நாள்ல நீங்க நனைஞ்சிருக்கீங்க" என்றாள். "அப்ப உங்க கருவி தூங்கியிருக்கும்" என்றேன். "கருவி தூங்காதும்மா." "நானும்தான் தூங்கல. மழை வந்தா என் உப்பு கரைஞ்சிடும், உங்க கருவிக்கு என்ன கரையும்?" அவள் சிரிக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்கும்வரை ஆய்வை ஏற்கமாட்டேன், முழுமையில்லை என்றுதான் பதிவேன் என்றாள். இட்டுக்கட்டி எழுதியது என்று அவள் வாயால் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்னும் அதிகமாகக் குத்தியது.

கோடை முழுவதும் கோபத்தோடு உப்பு வாரினேன். படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். ஆகஸ்டில் ஒருநாள் படகுத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பியொங்-சூ, "மதினி, அடுத்த வருஷம் ரெண்டாம் மாசம் ரெண்டு தடவ வருதாம்ல? கல்லறை மாத்துற ஆளுங்களுக்கு இப்பவே கிராக்கி. அன்னிக்கு நாம ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாம முடிச்சோம், ஞாபகம் இருக்கா?" என்றார். நான் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

புரிகிறதா தம்பி? எண்ணிக்கொண்டு வரும்போது முப்பது நாள் மாதம் ஒன்றை விழுங்கிவிட்டால், அதற்குப் பின்னால் வரும் ஒன்பது மாதமும் முப்பது நாள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த புத்தாண்டில் புதிய தாள், ஆகவே அதன்பிறகு எல்லாம் சரி. உனக்குத் தெரியக்கூடாது என்று வெட்டிய மாதம் வரவே இல்லை என்று, பத்து வருடத்தில் நானே நம்பிவிட்டிருக்கிறேன். அப்பாவைத் தூக்கிய மாதம்!

அந்த இடைவெளியைப் பேசாமல் சரிசெய்திருக்கலாம். ஆனால் விட்டுப்போன நாட்களுக்கு அசல் பக்கத்தைக் காட்டவேண்டும் என்பது யோம் வைத்த விதி. ஆய்வுகளைத் துறையின் சுவரில் ஒட்டி, இணையத்திலும் போடுவார்கள். உன் கண்ணில் என்றாவது படும் என்று தெரிந்தேதான் பெட்டியின் அடியிலிருந்து பக்கங்களை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒன்பதாம் நாளைப் படித்தாள். "காலையில் மூடுபனி, பத்து மணிக்கு விலகியது. மேற்குக் காற்று, லேசாக. மேகம் இல்லை. மண் அடிவரை காய்ந்திருந்தது. அப்பா பாரமே இல்லை." தாளை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு, "அம்மா, இத உங்க தம்பி பாத்துட்டாரா?" என்றாள். இல்லை என்றேன். "மொதல்ல அவருக்குக் காட்டுங்க. மார்க் எங்கயும் ஓடிப்போகாது." "அது எங்க குடும்ப விஷயம். நீங்க மழையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். முழுநிலவு விழாவன்று உன்னைப் போனில் அழைத்துச் சொல்லிவிடுவதாக இருந்தேன். விழா நாளை மறுநாள். புயல் முந்திக்கொண்டது.

இன்று காலை யோம் போன் செய்தாள். முப்பது நாளை நடுவில் வைத்ததும் ஒன்பது மாதமும் நகர்ந்து தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாம். ஆய்வு ஏற்கப்பட்டது. மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண்தான். "உங்க அப்பா..." என்று இழுத்தாள். மேலேதான் இருக்கிறார், நனையக்கூட இல்லை என்றேன். அந்தப் பிடிவாதக்காரி போனில் அழுதுவிட்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதை இன்னொரு முறை சொல்லமாட்டேன், கவனமாகப் படி. என் குச்சிக் கணக்குப்படி கடல் அந்த மேட்டைத் தொட இன்றிலிருந்து இன்னும் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும். வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன், சரிவு சாண் சாணாகப் போவதில்லை. அலை அடியைக் குடைந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மழையில் ஊறி மேல்மண் கனக்கும் ஒருநாளில் மொத்தமும் இறங்கும். அன்று போனில் நீ, "சரி அக்கா, இன்னும் இருபது வருஷம் இருக்குல்ல, மெதுவா யோசிப்போம்" என்று மரியாதையாகப் பேசியிருந்தால், நானும் சரி என்றிருப்பேன். அப்பா இன்று கடலில் இருந்திருப்பார். நீ சிரித்தாய், எனக்குக் கோபம் வந்தது, அடுத்து வந்த அதிக மாதத்திலேயே எடுத்தேன். அவரைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை, உன் வாய்.

இங்கே மற்ற சேதிகள்: உப்புக் கிடங்கின் தகரக் கூரை பாதி போயிற்று. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பியொங்-சூவின் முழங்கால் வீங்கியிருக்கிறது, இருந்தும் நாளை விழாக் கொழுக்கட்டைக்கு அடியில் பரப்பி அவிக்கப் பைன் இலை பறிக்கப் போவேன் என்கிறார். நேற்று அந்த வெறும் சரிவைப் பார்த்துவிட்டு நேராகக் குன்றேறினேன். புல்கூடக் கலையவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த சோற்று உருண்டையை முழுதும் தின்றேன். நிம்மதியாகத் தின்றேன்.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. செய்ததை மறுபடியும் செய்வேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

பத்து வருடமாக அப்பாவின் தலைமாட்டில் கல் இல்லை. கல்லில் மகன் பெயர் செதுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் உன்னைக் கேட்காமல் செய்தவளுக்கு, உன் பெயரை உன்னைக் கேட்காமல் செதுக்க மட்டும் கை வரவில்லை. விமானம் ஏறி வா. வந்து அவர் முன்னால் நிறுத்தி வைத்து என்னைத் திட்டு, ஒரு நாள் முழுக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பிறகு கல் வெட்டுகிறவரிடம் சேர்ந்து போவோம். என்ன எழுத வேண்டும் என்பதை நீ சொல்.

விசாரித்து வைத்திருக்கிறேன். கல்லின் பக்கவாட்டில் உன் பெயர் வரும், உன் பிள்ளைகள் பெயர் வரும், அதற்குப் பிறகும் கீழே ஒரு வரிக்கு இடம் மிச்சமிருக்கும் என்றார் அவர். அங்கே யார் பெயர் என்று கேட்டார். மூத்த மகன் வரட்டும், அவனைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுந்து முகம் கழுவி, சாப்பிடு. நீயும் உன் வீட்டாரும் நூறு விழாக் காணவேண்டும்.

அக்கா,
தாக் ஒக்-பூன்